இரண்டாவது வரிசையில் உட்காருங்கள்

அனைவருக்கும் வணக்கம். தமிழ்மொழி விழா மாதத்தில் இசையைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டார்கள். ராகம், தாளம் பற்றிப் பேச என்னைவிடத் தெரிந்தவர்கள் இந்த அறையிலேயே நாலைந்து பேர் இருக்கிறீர்கள். நான் மேடைக்குக் கீழே, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் பக்கத்தில் உட்கார்ந்து கச்சேரி கேட்டே வயதானவன். கோயில், கல்யாணம், சமூக மன்றம், பள்ளிக்கூடம் என்று ஒலி அமைக்கப் போன இடமெல்லாம் பாட்டும் கூடவே வந்தது. அதனால் பாட்டு நடக்கிற இடத்தைப் பற்றிப் பேசுகிறேன், அது எனக்குத் தெரிந்த விஷயம்.

நம் சிங்கப்பூரில் பெரிய இடங்களுக்குக் குறைவில்லை. புவன விஸ்தாவில் ஸ்டார் அரங்கம் இருக்கிறது, 5,000 இருக்கை. காலாங்கில் உள்ளரங்கத்தில் 12,000 பேர் வரை உட்காரலாம். சென்னையிலிருந்து பெரிய இசையமைப்பாளர் வருகிறார் என்றால், நூறு வெள்ளி, இருநூறு வெள்ளி என்றாலும் குடும்பத்தோடு கிளம்பிவிடுகிறோம். தப்பே இல்லை, நானும் போகிறேன். ஆனால் அங்கே பாதி நேரம் நாம் பார்ப்பது திரையைத்தான். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். மேடையிலிருந்து எழுபது மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் சத்தம் வந்துசேர ஐந்தில் ஒரு நொடி ஆகும். திரையில் டிரம்ஸ்காரரின் கை இறங்கிவிட்டிருக்கும், அடி அப்புறம்தான் காதில் விழும். அடுத்த முறை போகும்போது கவனியுங்கள். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் அதை மறக்கவே முடியாது, அதற்கு நான் பொறுப்பில்லை.

இப்போது எஸ்பிளனேடுக்கு வாருங்கள். 2002இல் திறந்த அந்தக் கட்டடத்தில் 1,600 பேர் உட்காரும் பெரிய இசையரங்கத்தை எல்லாருக்கும் தெரியும். அதே கூரையின் கீழ் ரிசைட்டல் ஸ்டூடியோ என்று ஒன்று இருக்கிறது, 245 இருக்கைதான். நவம்பரில் இந்தியக் கலை விழாவான கலா உத்சவம் நடக்கும்போது கூட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தால் நான் சொல்ல வருவது புரியும். அந்தச் சின்ன அறையில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து ஒரு மிருதங்கக் கலைஞரைப் பார்த்திருக்கிறீர்களா?

கச்சேரி தொடங்குமுன் அவர் ஒரு சின்ன டப்பாவில் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைவார். இடது பக்கத் தொப்பியின் நடுவில் அதை அப்பித் தட்டிப் பார்ப்பார். போதாது என்றால் இன்னும் கொஞ்சம், கூடிவிட்டால் ஓரத்தில் கிள்ளி எடுப்பார். தொப்பியில் கும்மென்று வரும் நாதம் அந்த ரவை கொடுப்பது. கச்சேரி முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவார். வலது பக்கமான வலந்தலையில் இருக்கிற கரணை என்ற கறுப்பு வட்டம் நிரந்தரம். அந்தப் பக்கத்துக்குச் சுருதி சேர்க்க ஒரு கூழாங்கல், ஒரு கட்டை. விளிம்பை மேலிருந்து தட்டினால் சுருதி ஏறும், கீழிருந்து தட்டினால் இறங்கும். தோல் வாத்தியம் அல்லவா, நம் ஊர் ஈரக் காற்றில் சேர்த்த சுருதி குளிர்சாதன அறைக்குள் வந்ததும் நகர ஆரம்பித்துவிடும். ஆகவே இரண்டு உருப்படிக்கு நடுவில் மறுபடி கல்லை எடுப்பார். பெரிய அரங்கில் அந்த நேரத்தில் ஆயிரம் பேர் கைப்பேசியைத் திறப்பார்கள். சின்ன அறையில் யாரும் திறப்பதில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் நம் காதும் கூடவே ஏறி இறங்குகிறது, அவர் தலையசைப்பதற்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடுகிறது.

அப்புறம் தனி ஆவர்த்தனம், மிருதங்கக்காரர் தனியாக வாசித்துக் காட்டுகிற பகுதி. தனி ஆரம்பித்ததும் எழுந்து கேண்டீனுக்குப் போகிற வழக்கத்துக்குச் சென்னை சபாக்கள் பேர்போனவை. இரண்டாவது வரிசையிலிருந்து அப்படி எழுந்து பாருங்கள்! வாசிக்கிறவர் உங்களைப் பார்ப்பார், வயலின்காரர் பார்ப்பார், பக்கத்து இருக்கைப் பெரியவர் கட்டாயம் பார்ப்பார். அதனால் உட்கார்ந்திருப்பீர்கள். கை தானாகத் தொடையில் ஆதி தாளம் போட ஆரம்பிக்கும். மேடையில் இருப்பவர் உங்கள் கையைக் கவனிப்பார். கணக்கைச் சிக்கலாக்கிவிட்டு, தாளத்தை விடாமல் இருக்கிறீர்களா என்று ஓரக்கண்ணால் பார்க்கிற குறும்புக்காரர்கள் உண்டு. சரியாகச் சமத்துக்கு, அதாவது தாளம் தொடங்குகிற அடிக்கு, வந்து சேர்ந்தால் ஒரு சிரிப்பு கிடைக்கும். அந்தச் சிரிப்பு ரெக்கார்டிங்கில் வராது.

ஒலி அமைப்பவன் என்ற முறையில் இதையும் சொல்ல வேண்டும். காலி அறையில் ஒலி சரிபார்ப்பது ஒரு கணக்கு, ஆள் நிறைந்த அறை வேறு கணக்கு. நம் உடம்பும் துணியும் சத்தத்தை உறிஞ்சுகின்றன. மாலை ஐந்து மணிக்கு எதிரொலித்துக்கொண்டு இருந்த அறை, ஏழரைக்கு ஆட்கள் வந்து உட்கார்ந்ததும் அடங்கிவிடும். இருநூறு பேர் அறையில் ஐம்பது பேர் வராமல் போனால் பாட்டின் ஒலியே மாறுகிறது. இதை நயத்துக்காகச் சொல்லவில்லை, மிக்சரில் கை வைத்திருக்கிற எவரைக் கேட்டாலும் சொல்வார். சின்ன இடத்தில் கேட்கிறவனுக்கும் கச்சேரியில் ஒரு பொறுப்பு இருக்கிறது, அவன் வராவிட்டால் அது வேறு கச்சேரி.

பாடி நடித்த எஸ். ஜி. கிட்டப்பா காலத்து நாடக மேடையில் பாடகர் உச்ச சுருதியில் பாடியாக வேண்டும், கடைசி வரிசைக்குக் குரல் போய்ச் சேர அது ஒன்றுதான் வழி. மைக் வந்த பிறகு மெல்லிய குரலுக்கும் மேடை கிடைத்தது, நல்லதுதான். ஆனால் அறுபது பேர் அறையிலும் நாலு ஸ்பீக்கர் கேட்கிறோமே, அது எதற்கு? "அண்ணே, மானிட்டர்ல கொஞ்சம் வயலின் ஏத்துங்க" என்பார் பாடகர். மானிட்டர் என்றால் மேடையில் இருப்பவர் கேட்பதற்கு வைக்கிற ஸ்பீக்கர். வயலின்காரர் ஒரு முழம் தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார். நவராத்திரிக்கு நாலறை வீட்டில் கொலுவுக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு பெண் வீணை வாசிக்கிறாள் என்றால், எந்த ஒலிபெருக்கியும் இல்லாமல் இடது கை விரல் தந்தியில் வழுக்கிப் போகிற சத்தம்கூடக் கேட்கும். என்னைக் கேட்டால் வீணைக்கு அந்த அளவுதான் சரியான அரங்கம். (என் தொழிலுக்கு இது நல்ல விளம்பரம் இல்லை என்று வீட்டில் சொல்வார்கள்.)

கர்நாடக இசை மட்டும்தான் பேசுவேன் என்று நினைக்காதீர்கள். ஆர்மேனியன் ஸ்திரீட்டில் சப்ஸ்டேஷன் என்று ஓர் இடம் இருந்தது. பழைய மின்நிலையக் கட்டடம், நாடகாசிரியர் குவோ பாவ் குன் 1990இல் அதைக் கலை இல்லமாக்கினார். பின்பக்கத் தோட்டத்தில் ராக் குழுக்கள் வாசித்தன. 2021இல் சப்ஸ்டேஷன்காரர்கள் அந்தக் கட்டடத்தைக் காலி செய்தார்கள். 1992இல் நம் இளைஞர்கள் தொடங்கிய ருத்ரா குழு மெட்டல் இசையில் சமஸ்கிருத சுலோகத்தையும் வேதாந்தத்தையும் வைத்துப் பாடியது, வெளிநாடுகளில்கூட அவர்களுக்கு ரசிகர்கள் உண்டு. இப்படிப்பட்ட முயற்சி ஐயாயிரம் இருக்கை அரங்கில் பிறக்காது. முப்பது பேர் முன்னால் சொதப்புவதற்கு ஓர் இடம் வேண்டும். உறுமி மேளம் பழகுகிற பையன்களுக்கும் அதே தேவைதான். அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே வாசித்தால் இரவு பத்தானதும் மேல்மாடியிலிருந்து யாராவது எட்டிப் பார்ப்பார்கள், அவர்களையும் குறை சொல்ல முடியாது.

சரி, பிடித்த பாட்டை அடுத்தவருக்குக் கொடுப்பதற்கு வருகிறேன். கேசட் காலத்தில் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் பாட்டுப் பதிந்து தருகிற கடைகள் இருந்தன. வேண்டிய பாட்டுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். டிடிகே 90 என்றால் பக்கத்துக்கு 45 நிமிடம், ஒன்பது பத்துப் பாட்டு அடங்கும். கடைசியில் மூன்று நாலு நிமிடம் மிஞ்சும். நான் போகிற கடையில் இருந்த அண்ணன் அந்த மிச்சத்தைச் சும்மா விடமாட்டார், தனக்குப் பிடித்த ஒன்றைப் போட்டு நிரப்பிவிடுவார். "இது நான் எழுதலையே அண்ணே" என்றால், "கேட்டுப் பாரு தம்பி, புடிக்கலைன்னா வந்து சொல்லு" என்பார். போய்ச் சொல்ல வேண்டும், அதுதான் அதில் விசேஷம். ஏன் பிடிக்கவில்லை என்று கேட்பார். பதில் சொல்வதற்காகவே இன்னொரு முறை கேட்டுவிட்டுப் போவேன். சினிமாப் பாட்டு மட்டுமே தெரிந்த எனக்கு நாதஸ்வரம் இப்படித்தான் வந்து சேர்ந்தது, பி பக்கத்தின் கடைசியில், பாதியில் அறுந்த ஒரு தோடி ராக ஆலாபனையாக.

இன்று ஒரு நாளைக்கு எத்தனை பாட்டு நம் கைப்பேசிக்கு வருகிறது? குடும்பக் குழுவில் ஒருவர் அனுப்புவார், நாலு பேர் கைகூப்புவார்கள். யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். அனுப்பினவரே முழுதாகக் கேட்டாரா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. அனுப்ப ஆகும் உழைப்பு ஒரு விரல் தட்டு, வாங்கிக்கொள்ளவும் அவ்வளவே. அதனால் நான் அனுப்புவதைக் குறைத்துக்கொண்டு ஆளையே கூட்டிப் போகிறேன். சின்ன அரங்குக்கு இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டு, "வாங்க, போற வழியில சாப்பிட்டுக்கலாம்" என்றால் பெரும்பாலானவர்கள் வந்துவிடுகிறார்கள். என் மருமகன் அப்படித்தான் வந்தான். முதல் அரைமணி நேரம் கால் மாற்றிக் கால் போட்டுக்கொண்டே இருந்தான். தாளமில்லாமல் பாடுகிற ஒரு விருத்தம் முடிந்து பாடகர் தண்ணீர் குடிக்கும்போது, "மாமா, அவங்க எப்ப மூச்சு விட்டாங்க?" என்று காதோரம் கேட்டான். கேள்வி கேட்டாயிற்று, இனி அவன் எங்கேயும் போகமாட்டான் என்று தெரிந்துகொண்டேன்.

நம் பிள்ளைகள் இங்கேயே கற்றுக்கொண்டு இங்கேயே வாசிக்கிறார்கள். சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் 1949இலிருந்து கற்றுக்கொடுத்து வருகிறது. அரங்கேற்றத்துக்குச் சொந்தக்காரர்கள் எல்லாம் வருவார்கள், மண்டபம் நிறையும். அதே பிள்ளை மூன்று வருடம் கழித்து, கொஞ்சம் பக்குவம் வந்து, அறுபது பேர் அறையில் ஒரு மணி நேரம் வாசிக்கும்போது முன்வரிசையில் அப்பா, அம்மா, குரு, அப்புறம் நான். எனக்கும் அங்கே வேலை இருக்கிறது என்பதால்தான் நான். ஒரே வரியை விதவிதமாக விரிக்கிற நிரவலில் ஒரு நல்ல இடம் வந்தால் "ஆஹா" என்று சொல்லக்கூட ஆள் இல்லை. அந்த "ஆஹா" சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். அது விழுந்ததும் வாசிக்கிறவரின் முதுகு நிமிர்வதை மிக்சர் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன், அடுத்த பத்து நிமிடத்துக்கு வாசிப்பே வேறு மாதிரி இருக்கும்.

இந்த மாதமே அப்படிச் சில நிகழ்ச்சிகள் இருக்கின்றன, வாசல் மேசையில் துண்டுத்தாள் வைத்திருக்கிறார்கள். ஆளுக்கு இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள். என் நேரம் முடிந்தது என்று அமைப்பாளர் கையைக் காட்டுகிறார். கேள்வி இருந்தால் இருந்த இடத்திலிருந்தே கேளுங்கள். மைக்கைச் சுற்றிக் கொடுக்க வேண்டாம் தம்பி, இந்த அறைக்கு அது தேவையில்லை.