சுவரில் ஒரு சுண்ணாம்புக்கோடு

நேயர்களுக்கு வணக்கம். இன்றைக்கு அரிசியைப் பற்றிப் பேசப் போகிறேன். சமையல் குறிப்பு இல்லை. அரிசி உங்கள் அடுப்படிக்கு வந்து சேரும் வழியைப் பற்றி.

காவடி முடிந்து ஏழு கறி பரிமாறுகிறோம். இலை நம் தோட்டத்து இலை. பூசணியும் வாழைக்காயும் இங்கே மொரீஷியஸில் விளைந்தவை. சோறு? பருப்பு? ரசத்துக்குத் தட்டிப் போட்ட சீரகம்? எல்லாம் கப்பலில் வந்தவை. நம் தீவு சாப்பிடுவதில் ஏறக்குறைய முக்கால் பங்கு வெளியிலிருந்துதான் வருகிறது.

போர்ட் லூயிஸில் ஒரு மொத்தக் கடையில் முப்பது வருடம் சரக்குக் கணக்கு எழுதியவன் நான். கிடங்குச் சுவரில் பெரிய முதலாளி ஒரு சுண்ணாம்புக்கோடு போட்டிருந்தார். மூட்டை அடுக்கு அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கினால் அன்றைக்கே அடுத்த கப்பலுக்குச் சொல்லிவிட வேண்டும். நவம்பர் பிறந்ததும், பழைய கோட்டை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, ஒரு முழம் மேலே புதிதாகப் போடுவார். புயல் வந்தால் துறைமுகத்தை மூடிவிடுவார்களே, கப்பல்களைக் கடலுக்கு அனுப்பிவிடுவார்களே, அதற்காக.

அவருக்குப் பின் வந்தவர்கள் அந்தச் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டார்கள். கிடங்கில் சரக்கு முடங்கினால் பணம் முடங்குகிறது, இரண்டு வாரத்துக்கு இருந்தால் போதும் என்றார்கள். என் மனம் ஒப்பவே இல்லை.

2020 மார்ச் கடைசியில் கடைகளையெல்லாம் மூடினார்களே, ஞாபகம் இருக்கிறதா? ஏப்ரல் 2 திறந்தபோது குடும்பப் பெயரின் முதல் எழுத்துப்படி நாள் ஒதுக்கினார்கள். எங்களுக்குப் புதனும் சனியும். பை கையில், வெயில் தலையில். வரிசையில் நின்றபடி அந்தக் கோட்டைத்தான் நினைத்துக்கொண்டேன்.

சரி, அது கொள்ளைநோய்க் காலம் என்பீர்கள். 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை இந்தியா நிறுத்தியது. அடுத்த மாதம் நமக்கென்று 14,000 டன் தனியாக அனுமதித்தார்கள், நன்றி சொல்ல வேண்டும். ஆனாலும் ஒரே வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கலாமா? அதே வருடக் கடைசியில் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கினார்கள். ஐரோப்பாவுக்குப் போகிற கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றின. பயணம் பத்துப் பதினைந்து நாள் நீண்டது, கன்டெய்னர்கள் வழியில் மாட்டிக்கொண்டன, வாடகை ஏறியது. அந்த வாடகை நம் கடைக்காரர் சொல்லும் விலையில் வந்து உட்காருகிறது.

கம்ப்யூட்டர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெட்டி எந்தக் கடலில் இருக்கிறது என்று இன்றைக்குப் போனிலேயே பார்க்கலாம், பெரிய வசதி. ஆனால் வராத பெட்டியைப் பார்த்து உலை வைக்க முடியாது. கிடங்கில் கையிருப்பு வேண்டும், திரும்பவும் சொல்கிறேன், கையிருப்பு வேண்டும். அதற்கு ஆகும் செலவைக் கடைக்காரர் தலையில் மட்டும் கட்டாமல் அரசும் பங்கு போட வேண்டும். வாங்கும் நாடும் ஒன்றுக்கு மூன்றாக இருக்க வேண்டும்.

பக்கத்திலிருக்கும் மடகாஸ்கரைப் பற்றியும் நம் காய்கறித் தோட்டங்களைப் பற்றியும் நிறையக் குறித்து வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி கை காட்டுகிறார், இரண்டு நிமிடம்கூட இல்லையாம். வெங்காயத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன்: அரிசி போல அடுக்கி வைத்தால் அழுகிவிடும், காற்றோட்டமான கிடங்கு வேண்டும், அதை முதலில் கட்டுங்கள். வணக்கம்.