அண்ணன் தங்கையை ஜோடி சேர்க்காதீர்கள்

(காட்சி: ஏற்காடு அடிவாரம். பின்னால் சேர்வராயன் மலை. வாசலில் இரண்டு வெள்ளை நாய்கள்.)

வணக்கம். இந்த இரண்டும் ராஜபாளையம், ஒரே ஈத்தில் பிறந்தவை. “ஜோடியாகவே கொடுங்கள்” என்று கேட்டு ஒரே வீட்டில் வாங்கினேன். சேர்த்து வளர்ப்பதில் தப்பே இல்லை. ஆனால் விவரம் தெரியாமல் இணையும் சேர்த்தேன். ஏழு குட்டிகளில் இரண்டு, சோற்றுத் தட்டின் சத்தத்துக்கு எழவே இல்லை. இன்றைக்கும் மனது கேட்கவில்லை.

(காட்சி: தூங்கும் குட்டிகள்.)

ரோமத்துக்கு நிறம் தரும் செல்கள் உள்காதிலும் வேண்டும். அங்கே அவை இல்லாவிட்டால், ஒலியை உணரும் செல்கள் பிறந்த சில வாரங்களிலேயே மடிந்துவிடும். வெள்ளை நாய்களுக்குக் காது கேட்காமல் போவது பெரும்பாலும் இப்படித்தான். கைதட்டிப் பார்த்தால் மட்டும் போதாது. ஒரு காது மட்டும் கேட்கும் நாயும் சத்தத்துக்குத் திரும்பிவிடும். தலையில் மின்முனை வைத்து, ஒலிக்கு மூளை காட்டும் அலையைப் பதிவு செய்தால்தான் தெரியும்.

சரி, அண்ணன் தங்கை விஷயத்துக்கு வருவோம். நாய்க்கு 39 ஜோடி குரோமோசோம். ஒவ்வொரு ஜீனிலும் தாய் தந்த பிரதி ஒன்று, தகப்பன் தந்தது ஒன்று. பல பரம்பரை நோய்களில், ஒரு பிரதி பழுதானாலும் இன்னொன்று சமாளித்துவிடும். நாய் நன்றாக ஓடும், கண்காட்சியில் பரிசுகூட வாங்கும். அதே பழுதைச் சுமக்கும் இன்னொன்றோடு சேர்த்தால், ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. (காது கேளாமை ஒரே ஜீனின் வேலை இல்லை, அதற்கு இந்தக் கணக்குப் பொருந்தாது.)

கூடப்பிறந்தவை ஒரே பழுதைச் சுமக்க வாய்ப்பு அதிகம். அவற்றின் குட்டியில், ஒரு ஜீனின் இரண்டு பிரதிகளும் ஒரே முன்னோரின் ஒரே பிரதியிலிருந்து வந்திருக்க 25 சதவீத வாய்ப்பு. தகப்பனை மகளோடு சேர்த்தாலும் அதே 25. சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள் மாதிரி உறவு என்றால் 6.25.

அதனால்தான் நாயை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள் என்கிறேன். உயரம், மார்பு, நடை எல்லாம் கண்ணுக்குத் தெரியும். மறைந்திருக்கும் பழுதைச் சொந்தபந்தம்தான் காட்டிக்கொடுக்கும்.

என் பெட்டைக்கு இப்போது ஆத்தூர் பக்கம் ஒரு கடுவன் பார்த்திருக்கிறேன். போனதும் முதலில் அதன் தாயைத்தான் பார்த்தேன். அப்புறம் கூடப்பிறந்த ஆறில் ஐந்து. மிச்சமுள்ள ஒன்று ஏற்காட்டில், காப்பித் தோட்டத்தில் இருக்கிறது. நாளைக் காலையில் மேலே ஏறுகிறேன்.