இரை எடுக்காத பச்சோந்திக் குட்டி

நேயர்களுக்கு வணக்கம். முப்பது வருஷம் இந்த ராமநாதபுரம் மாவட்டத்தில் கால்நடை மருத்துவம் பார்த்தவன் நான். ஆடு, மாடு, நாட்டுக்கோழி, இவைதான் என் கைக்குப் பழகியவை. "டாக்டர், மாடு இரை எடுக்கமாட்டேங்குது" என்று ஒருவர் வந்து நின்றால், மாட்டின் இடது விலாப் பக்கம் கையை வைத்துப் பார்த்தே பாதி விஷயத்தைச் சொல்லிவிடலாம். சில வருஷத்துக்கு முன் கீழக்கரையில் ஒரு வீட்டுக்கு அழைத்தார்கள். அங்கே இரை எடுக்காமல் கிடந்தது மூன்று மாதப் பச்சோந்திக் குட்டி ஒன்று.

அந்த வீட்டுக்குள் போவதற்கு முன் ஒரு விஷயம். நம் உடைமரத்திலும் வேலிக் கருவையிலும் பார்க்கிறோமே, அந்த நாட்டுப் பச்சோந்தியை வீட்டில் வளர்க்கக் கூடாது. இந்தியாவில் உள்ள ஒரே பச்சோந்தி இனம் அது. 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. ராமருக்கு அணில் இளநீர் கொடுத்தது, ஓணான் மூத்திரத்தைக் கொடுத்தது என்று கதை சொல்லி, ஓணானைக் கண்டாலே கல்லெடுத்த பிள்ளைகள் நம் ஊரில் உண்டு. இன்று ஒரு பையன் குட்டிப் பச்சோந்தியை ஆசையாகக் கையில் ஏந்தி வருகிறான் என்றால் எனக்கு மனசு குளிரத்தான் செய்கிறது. ஆனால் அதை அட்டைப் பெட்டியில் போட்டால் அது இரை எடுக்காது, செத்துப்போகும். எந்த வேலியில் பிடித்தானோ அன்றைக்கே அதே வேலியில் கொண்டுபோய் விடச் சொல்லுங்கள். காயம் இருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

கீழக்கரைக் குட்டி வேறு ஜாதி. ஏமன் நாட்டுப் பச்சோந்தி, பெரிதானால் தலையில் உயரமாகக் கொண்டை நிற்கும். சென்னையில் ரசீதோடு வாங்கியது. இப்போது 2024 ஆம் ஆண்டு விதிகளின்படி இதை வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்யவும் வேண்டும்.

கல்லூரியில் படிக்கும் தம்பிதான் வளர்த்தார். "அஞ்சு நாளாச்சு டாக்டர், ஒண்ணுமே தொடல" என்றார். அவருடைய உம்மா, "பகல்லயும் கண்ண மூடிக்கிட்டே கெடக்கு" என்று சொன்னார். அந்த அம்மா சொன்னதுதான் என்னைக் கவலைப்பட வைத்தது. பச்சோந்தி பகலில் கண்ணை மூடினால் அது தூக்கம் இல்லை, உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

போய்ப் பார்த்தேன். ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. மேலே ஃபேன் ஓடுகிறது. தொட்டிக்குள் ஒரு குச்சி, ஒரு கிண்ணத்தில் தண்ணீர், ஓரத்தில் ஆறேழு பெரிய சுவர்க்கோழிப் பூச்சிகள். குட்டி ஆள்காட்டி விரல் நீளம் இருக்கும். பச்சையாக இருக்க வேண்டியது கரும்பழுப்பாக இருந்தது. கண்கள் குழிவிழுந்திருந்தன.

எனக்கு ஊர்வன வைத்தியத்தில் அப்போது பழக்கம் குறைவு. சென்னையில் அவற்றைப் பார்க்கும் நண்பர் ஒருவரை அங்கிருந்தே போனில் பிடித்தேன். அவர் தீனியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தண்ணீர் எப்படிக் குடிக்கிறது, எச்சம் என்ன நிறம், இருக்கிற இடத்திலிருந்து அதன் கண்ணுக்கு என்ன தெரிகிறது, இந்த மூன்றைத்தான் கேட்டார். இன்றுவரை யார் கூப்பிட்டாலும் நானும் அதையேதான் கேட்கிறேன்.

தண்ணீரிலிருந்து வருகிறேன். கிண்ணத்தில் அசையாமல் நிற்கும் தண்ணீர் பெரும்பாலும் பச்சோந்திக்குத் தண்ணீராகவே தெரியாது. இலையில் உருளும் பனித்துளியை நக்கிக் குடித்துப் பழகிய பிராணி அது. தாகத்தோடு இருக்கும் குட்டி இரையைத் தொடாது. தாகத்தை எச்சத்தில் பார்க்கலாம். கறுப்பான எச்சத்தோடு வெள்ளையாக ஒரு பகுதி சேர்ந்து வரும், அதுதான் அதன் சிறுநீர். அது வெள்ளையாக இருந்தால் சரி. ஆரஞ்சு நிறமாக, கெட்டியாக இருந்தால் உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது. அந்தத் தொட்டியில் கிடந்தது அசல் ஆரஞ்சு.

மாடித் தோட்டத்தில் செம்பருத்தித் தொட்டிச் செடி இருந்தது. அதை இறக்கி, குட்டியைக் கிளையில் ஏற்றினோம். காலி பாட்டிலின் அடியில் ஊசியால் ஒரு துளை போட்டு மேலே கட்டித் தொங்கவிட்டோம். இரண்டு விநாடிக்கு ஒரு சொட்டு. இலையில் விழுந்து, நுனிக்கு ஓடி, அங்கே தொங்கி நின்று, கீழே விழும். எல்லோரும் பத்தடி தள்ளிப் போய்த் தரையில் உட்கார்ந்தோம். இருபது நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஒரு கண் மட்டும் திறந்தது. அந்தக் கண் சொட்டோடு சேர்ந்து மேலே போனது, கீழே வந்தது. மற்றக் கண் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தது. ஒரு காலை எடுத்து முன்னால் வைத்து, காற்றில் ஆடும் இலை மாதிரி முன்னும் பின்னும் ஆடி, வாயை இலை நுனியில் வைத்துவிட்டது. பத்து நிமிஷத்துக்கு மேல் குடித்தது. தொண்டை ஏறி இறங்குவதை அந்த அம்மா வாயில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நம் கரைக்கு மட்டுமான எச்சரிக்கை ஒன்று. இங்கே பல ஊர்களில் போர் தண்ணீர் உப்பு. அதைச் செடியில் தெளித்தால் காய்ந்ததும் இலையில் வெள்ளைப் படலம் படியும், குட்டி அதையும் சேர்த்து நக்கும். நீங்கள் குடிக்கிற தண்ணீரையே அதற்கும் தெளியுங்கள், காலையில் ஒரு முறை, பொழுது சாய ஒரு முறை. பிடித்து வைத்த மழைத் தண்ணீர் சுத்தமாக இருந்தால் அதுவும் நல்லது.

அடுத்தது பயம். கண்ணாடியில் தன் உருவத்தையே பார்த்து வேறொரு பச்சோந்தி எதிரே நிற்கிறது என்று அந்தக் குட்டி நாள் முழுக்க மிரண்டிருந்தது. பக்கத்தில் டிவி, மேலே சுற்றும் ஃபேன், நிமிஷத்துக்கு ஒருமுறை தொட்டியைத் தட்டும் சின்னப் பிள்ளைகள். ஒளிய ஓர் இலை கூட இல்லை. ராத்திரியில் தின்னாமல் விட்ட சுவர்க்கோழிகள் தூங்கும் குட்டியைக் கடிக்கும், அதையும் பலர் யோசிப்பதில்லை. வலை அடித்த உயரமான கூண்டு, உள்ளே அடர்த்தியாகச் செம்பருத்தி, மணி பிளான்ட், ஆள் நடமாட்டம் குறைந்த மூலை, நம் கண்மட்டத்துக்கு மேலே வைத்தல், இவ்வளவு போதும். முதல் ஒரு வாரம் கையில் எடுக்கவே வேண்டாம். அதைக் கொஞ்சுவதற்காக வாங்கியிருந்தால் ஒரு பூனையை வளர்க்கலாம், தப்பில்லை.

சூட்டைச் சொல்ல வேண்டும். குட்டி வெயில் காயும் கொம்பில் 29, 30 டிகிரி செல்சியஸ் இருந்தால் போதும். சித்திரை, வைகாசியில் நம் வீட்டு நிழலிலேயே அதைத் தாண்டிவிடுகிறது. அப்போது சூடு விளக்கை அணைத்துவிடுங்கள். மார்கழி வாடையில் காலையில் மட்டும் போடுங்கள், உடம்பு சூடேறாமல் அதற்கு இரை செரிக்காது. புற ஊதா விளக்கு மட்டும் எப்போதும் பகலில் எரிய வேண்டும். அது இல்லாவிட்டால் சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேராது, கால் வளையும், தாடை ரப்பர் மாதிரி ஆகும், நாக்கை வீச முடியாமல் போகும். இரையைப் பார்க்கும், குறி வைக்கும், நாக்கு பாதியில் நின்றுவிடும். வீட்டார் அதைப் பசியில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். காலை வெயில் நல்லது, ஆனால் பாதிக் கூண்டுக்கு நிழல் வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் அந்தக் கதிர் வராது. கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் வெந்துபோகும்.

இரை எளிது. குட்டியின் இரண்டு கண்களுக்கு நடுவே உள்ள அகலத்தைவிடப் பெரிய பூச்சி வேண்டாம். கீழக்கரையில் போட்டிருந்தவை அதைப்போல் இரண்டு மடங்கு. சின்ன சுவர்க்கோழி, சின்ன கரப்பான் குஞ்சுகளை வளர்த்து, அவற்றுக்கு முருங்கைக்கீரையும் கேரட்டும் போட்டு, கொஞ்சம் கால்சியம் பொடி தூவிக் கொடுங்கள், வளரும் குட்டிக்குத் தினமும். வயலிலும் மிளகாய்க் கொல்லையிலும் பிடித்த வெட்டுக்கிளி வேண்டாம். முண்டு மிளகாய்க்கு மருந்து அடித்திருப்பார்கள், அந்த மருந்து பூச்சி வழியாகக் குட்டிக்குப் போகும்.

தோல் உரிக்கும்போது ஓரிரு நாள் தின்னாது, பயப்பட வேண்டாம். வாயைத் திறந்து திணிப்பதை மட்டும் யாரும் செய்யாதீர்கள். மெல்லிய தாடை உடையும், புகட்டியது மூச்சுக்குழாயில் இறங்கும்.

கீழக்கரைக் குட்டி மூன்றாம் நாள் ஒரு சின்னக் கரப்பானை அடித்தது. தம்பி போனில் சொன்னபோது பின்னால் உம்மாவின் குரல்தான் பெரிதாகக் கேட்டது. ஒரு வாரத்தில் எச்சம் வெளுத்துவிட்டது.

இவ்வளவும் சரிசெய்து தண்ணீர் குடித்த பிறகும் இரண்டு, மூன்று நாள் இரை எடுக்கவில்லை என்றால், வாயோரம் வீங்கினால், வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், பகலில் கண் மூடியே இருந்தால் காத்திருக்காதீர்கள். ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் போங்கள். போகும்போது அன்றைய எச்சத்தை ஒரு சின்ன டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள், குடற்புழு இருக்கிறதா என்று அதில்தான் பார்க்க வேண்டும். கூண்டை நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். குட்டியைக் காற்றோட்டமுள்ள இருட்டுப் பெட்டியில் ஒரு குச்சியோடு வைத்து, மதுரைக்கோ எங்கேயோ போவதானால் விடியற்காலை பஸ்ஸில் கிளம்புங்கள், வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேரலாம். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

நன்றி. வணக்கம்.