சொந்தக் கூரை

(வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

1963 ஜூன் 15. அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தின் தலைநகரான ஜாக்சன். கோடை வெயில் கொளுத்துகிறது. லிஞ்ச் தெருவில் ஒரு கட்டடம். உள்ளே ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். நடுவில் ஒரு சவப்பெட்டி. அதில் கிடப்பவர் மெட்கர் எவர்ஸ், வயது 37. கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக ஊர் ஊராக அலைந்தவர். மூன்று நாள் முன்பு நள்ளிரவு தாண்டி வீடு திரும்பி, காரைவிட்டு இறங்கியவரை மறைந்திருந்து முதுகில் சுட்டார்கள். இறுதி மரியாதை செய்ய மார்ட்டின் லூதர் கிங்கும் வந்திருக்கிறார்.

தெருவின் பெயரைக் கேட்டதும் சிலருக்கு நெஞ்சு திக்கென்றிருக்கும். கறுப்பினத்தவரைக் கும்பலாகச் சேர்ந்து கொல்வதற்கு அங்கே அந்தச் சொல்தானே வழக்கு! ஆனால் இந்தத் தெரு ஜான் லிஞ்ச் என்ற மனிதரின் பெயரைத் தாங்கியது. அடிமையாகப் பிறந்து, பின்னாளில் மிசிசிப்பி சட்டமன்றத்தின் சபாநாயகராகவும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் உயர்ந்த கறுப்பினத் தலைவர் அவர்.

அந்தக் கட்டடம் யாருடையது? எவர்ஸின் உடலை ஏன் அங்கே கொண்டுபோய் வைத்தார்கள்? அவர் வேலை பார்த்த என்.ஏ.ஏ.சி.பி. என்ற உரிமைச் சங்கத்தின் அலுவலகம் அதே கட்டடத்தில்தான் இருந்தது. கட்டடத்தின் சொந்தக்காரர்கள் பிரின்ஸ் ஹால் ஃப்ரீமேசன்கள் என்ற கறுப்பினச் சகோதரச் சங்கத்தினர். 1955-இல் கட்டியது. அந்தக் காலத்து மிசிசிப்பியில் உரிமைச் சங்கத்துக்கு இடம் கொடுத்தால் கடைக்காரருக்குக் கடன் கிடைக்காது, ஆசிரியருக்கு வேலை போய்விடும், வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிடுவார். இந்தக் கூடத்தைக் காலி செய்யச் சொல்ல மட்டும் யாருக்கும் அதிகாரம் இல்லை. கறுப்பின மக்கள் தங்கள் சொந்தப் பணத்தில் எழுப்பிய கூரை அது.

பிரின்ஸ் ஹால் அமைப்பின் புகழ்பெற்ற உறுப்பினர்களைப் பற்றிப் பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டீர்கள். பெயர்களைச் சொல்கிறேன். அதற்கு முன் இந்தக் கூரையை உங்கள் கண்முன் நிறுத்த வேண்டும் என்று தோன்றியது. இதன் அடியில்தான் அந்தப் பெயர்கள் உருவாயின.

'லாட்ஜ்' என்று இனி அடிக்கடி சொல்வேன். நம் ஊரில் அது தங்கும் விடுதி. ஃப்ரீமேசன்களுக்கு அது ஒரு கிளைச் சங்கம். கல்தச்சர்களின் பழைய தொழிற்குழு மரபைச் சடங்குகளாக ஏற்றுக்கொண்டு, ஒருவரையொருவர் சகோதரர் என்று அழைத்துக்கொள்ளும் சங்கம். ஒரு மாநிலத்தில் உள்ள லாட்ஜ்களுக்கெல்லாம் தலைமை கிராண்ட் லாட்ஜ். அதன் தலைவர் கிராண்ட் மாஸ்டர்.

சரி, இந்த அமைப்புக்குப் பெயர் தந்த பிரின்ஸ் ஹால் யார்? 'பிரின்ஸ்' என்பது பட்டம் இல்லை, அவர் பெயரே அதுதான். பாஸ்டனில் வாழ்ந்த தோல் தொழிலாளி. அடிமையாக இருந்து 1770-இல் விடுதலைப் பத்திரம் பெற்றவர். 1777 ஏப்ரலில் பாஸ்டன் பீரங்கிப் படைக்கு ஐந்து முரசுகளுக்குத் தோல் கொடுத்ததற்காக அவர் போட்ட பில் ஒன்று இன்னும் இருக்கிறது. இங்கிலாந்தை எதிர்த்துக் கிளம்பிய படையின் முரசுக்கு இவர் கையால் பதமான தோல். அந்த முரசு யாருடைய சுதந்திரத்துக்காக அதிர்ந்தது என்று யோசித்தால் மனம் கனக்கிறது.

அதற்கு முன்பே, 1775 மார்ச் 6 அன்று, அவரும் வேறு 14 கறுப்பினத்தவரும் ஃப்ரீமேசன்களாகச் சேர்ந்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு. பாஸ்டனின் வெள்ளை லாட்ஜ்கள் கதவைத் திறக்கவில்லை. திறந்தது, ஊரில் முகாமிட்டிருந்த பிரிட்டிஷ் படையோடு சேர்ந்த ஒரு லாட்ஜ். படை ஊரைவிட்டுப் போன பிறகு இவர்களுக்கு மிஞ்சியது சின்ன அனுமதி: கூடலாம், புனித யோவான் திருநாளன்று ஊர்வலம் போகலாம், தங்களில் ஒருவர் இறந்தால் சடங்கோடு அடக்கம் செய்யலாம். புது உறுப்பினர்களைச் சேர்க்க முடியாது. முழு உரிமை கேட்டு ஹால் லண்டனுக்கு எழுதினார். இங்கிலாந்து கிராண்ட் லாட்ஜ் 1784 செப்டம்பர் 29 தேதியிட்ட சாசனத்தை வழங்கியது. ஆப்பிரிக்கன் லாட்ஜ், எண் 459. அந்தக் காகிதம் பாஸ்டனுக்கு வந்து சேர்ந்தது 1787 ஏப்ரலில்!

இந்த இடத்தில் நம் ஊர்ச் செய்தி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதே 1770-களில் திருச்சிராப்பள்ளியில் ஆற்காடு நவாபின் மூத்த மகன் உம்தத்துல் உமரா ஃப்ரீமேசனாகச் சேர்ந்தார். அவருக்கு அதே லண்டன் தலைமை, ஃப்ரீமேசன்கள் சடங்கின்போது இடுப்பில் கட்டும் அலங்கார ஏப்ரன் ஒன்றை மதிப்போடு அனுப்பிவைத்தது. நவாப் வீட்டுப் பிள்ளைக்குத் தேடிவந்தது மரியாதை. தோல் பதனிடும் தொழிலாளிக்கோ எழுதிக் கேட்டு, கட்டணம் கட்டி, ஆண்டுக்கணக்கில் காத்திருந்த பிறகுதான் ஒரு தாள் கிடைத்தது. சகோதரத்துவம் என்ற சொல் ஒன்றுதான், அது போய்ச் சேரும் வேகம் மட்டும் ஆளுக்கு ஆள் மாறியிருக்கிறது.

அந்தத் தாளை அவர்கள் எப்படிக் காப்பாற்றினார்கள் தெரியுமா? 1869-இல் பாஸ்டனில் அவர்கள் கட்டடம் தீப்பற்றியபோது, கிராண்ட் மாஸ்டராக இருந்தவர் புகைக்குள் தவழ்ந்து போய், உலோகக் குழாயில் சுருட்டி வைத்திருந்த சாசனத்தை மீட்டுக்கொண்டு வந்தார் என்று இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். உயிரைவிட ஒரு காகிதம் பெரிதா என்று கேட்கலாம். மனிதர்கள்தானா என்றே சந்தேகப்பட்ட ஊரில், 'இவர்கள் எங்கள் சகோதரர்கள்' என்று கையெழுத்தும் முத்திரையுமாக இருந்த ஒரே எழுத்து அது. அதற்காகத் தீக்குள் போனதில் எனக்கு வியப்பில்லை.

ஹால் அந்தச் சங்கத்தை வைத்துக்கொண்டு சடங்கு மட்டும் செய்யவில்லை, மனு எழுதினார். 1777-இல் அடிமை முறையை ஒழிக்கச் சொல்லி மாசசூசெட்ஸ் சட்டமன்றத்துக்கு மனு. 1787-இல், எங்களிடமும் வரி வாங்குகிறீர்கள், எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் பள்ளிக்கூடம் இல்லை என்று மனு. இரண்டுக்கும் பலன் இல்லை. 1788-இல் பாஸ்டன் துறைமுகத்தில் மூன்று கறுப்பினத்தவரை வேலை இருக்கிறது என்று கப்பலில் ஏற்றி, அப்படியே மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கடத்திக்கொண்டு போனார்கள். மூவரில் ஒருவர் இந்த லாட்ஜ் உறுப்பினர். ஹால் சும்மா இருப்பாரா? பிப்ரவரியில் மனு கொடுத்தார். மார்ச்சில் அடிமை வணிகத்தைத் தடுக்கும் சட்டம் வந்தது. ஆளுநர் அந்தத் தீவுகளுக்குக் கடிதம் எழுதினார். ஜூலையில் மூன்று பேரும் உயிரோடு பாஸ்டனில் வந்து இறங்கினார்கள்.

1797-இல் லாட்ஜ் சகோதரர்களிடம் பேசும்போது ஹால் சொன்ன ஒன்று தமிழில் அப்படியே பொருந்துகிறது. விடுமுறை நாட்களில் பாஸ்டன் தெருக்களில் உங்களுக்கு நேரும் அவமானத்தைப் பார்த்தால், நீங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறீர்கள் என்றே சொல்லலாம் என்றார். பொறுமை வேண்டும் என்றும் சொன்னார். அதே மூச்சில் ஹெய்ட்டித் தீவில் அடிமைகள் எழுந்ததையும் நினைவூட்டினார். பத்தாண்டு கழித்து 1807-இல் இறந்தார். கல்லறை பாஸ்டனின் காப்ஸ் ஹில் இடுகாட்டில் இருக்கிறது.

அப்புறம் வந்தவர்களைச் சொல்கிறேன். ஃபிலடெல்ஃபியா லாட்ஜில் அப்சலோம் ஜோன்ஸும் ரிச்சர்ட் ஆலனும். 1793-இல் அந்த நகரத்தை மஞ்சள் காய்ச்சல் வாட்டியபோது, வசதியுள்ளவர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். இவர்கள் இருவரும் ஆள் திரட்டி நோயாளிகளைக் கவனித்தார்கள், பிணங்களை அடக்கம் செய்தார்கள். பின்னாளில் ஆலன் கறுப்பினத்தவருக்கென்றே ஒரு தனித் திருச்சபையை நிறுவினார். பாஸ்டனில் டேவிட் வாக்கர் பழைய துணிக் கடை வைத்திருந்தவர். 1829-இல் அடிமை முறையை எதிர்த்து அவர் எழுதிய சூடான துண்டு நூலை மாலுமிகளின் கோட்டுக்குள் வைத்துத் தைத்துத் தென்மாநிலங்களுக்கு அனுப்பினார் என்பார்கள். அடிமை உரிமையாளர்கள் அந்தச் சின்ன நூலைக் கண்டு நடுங்கினார்கள்.

லூயிஸ் ஹேடனைப் பற்றிப் பேசினால் எனக்குக் குரல் தழுதழுக்கும். கென்டக்கியில் அடிமை. அவருடைய முதல் மனைவியையும் மகனையும் தெற்கே விற்றுவிட்டார்கள். அவர்களை அவர் மறுபடி பார்க்கவேயில்லை. 1844-இல் தப்பி ஓடியவர், பிறகு பாஸ்டனில் குடியேறினார். பீக்கன் ஹில் பகுதியில் அவர் வீடு, தப்பி வருபவர்களுக்கெல்லாம் புகலிடம். 1850-இல் வில்லியம் கிராஃப்ட் அங்கே பதுங்கியிருந்தார். அவரும் மனைவி எலனும் ஜார்ஜியாவிலிருந்து தப்பிய கதை தனி: வெளுத்த நிறம் கொண்ட எலன் வெள்ளைக்கார எஜமானரைப் போல ஆண் உடை போட்டுக்கொள்ள, கணவர் பணியாள் வேடத்தில் கூடவே வர, ரயிலிலும் கப்பலிலும் பகிரங்கமாகவே பயணம் செய்து வந்தவர்கள். அவர்களைப் பிடிக்க ஆள் வந்தபோது, வீட்டு வாசல்படிக்கு அடியில் வெடிமருந்துப் பீப்பாய்கள் இருக்கின்றன, உள்ளே கால் வைத்தால் எல்லாரும் சேர்ந்து போவோம் என்று ஹேடன் சொல்லிவிட்டார். வந்தவர்கள் திரும்பிவிட்டார்கள். அந்த ஹேடன் மாசசூசெட்ஸ் பிரின்ஸ் ஹால் அமைப்பின் கிராண்ட் மாஸ்டராகவும் இருந்தார். 1873-இல் சட்டமன்றத்துக்கும் தேர்வானார்.

இன்னொருவர் ஆர்துரோ ஷோம்பர்க். புத்தகம் சேர்ப்பவர்களுக்கு அவர் குலதெய்வம் மாதிரி. 1874-இல் போர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர். கறுப்பினத்தவருக்கு வரலாறே கிடையாது என்று பள்ளி ஆசிரியர் ஒருவர் சொன்னது அவரை வாழ்நாள் முழுக்கக் குடைந்தது. நியூயார்க்குக்கு வந்து, ஒரு வங்கியில் அஞ்சல் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே நூல், கையெழுத்துப் பிரதி, ஓவியம் என்று தேடித் தேடிச் சேர்த்தார். கியூபா, போர்ட்டோ ரிக்கோ நாட்டவர்கள் நடத்திய லாட்ஜ் ஒன்றில் உறுப்பினர். பிறகு நியூயார்க் கிராண்ட் லாட்ஜின் செயலாளர். சங்கத்தின் பழைய ஆவணங்களை ஒழுங்குபடுத்தி வைத்த கை அவருடையது. 1926-இல் அவர் சேகரிப்பை, நூல்கள் மட்டும் சுமார் 5,000, கார்னகி அறக்கட்டளை 10,000 டாலருக்கு வாங்கி, ஹார்லெம் 135-ஆம் தெருவில் இருந்த பொதுநூலகக் கிளைக்குக் கொடுத்தது. இன்று அந்த ஆய்வு மையம் அவர் பெயரில்தான் இருக்கிறது.

மற்றவர்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். துருவப் பயணி ராபர்ட் பியரியோடு வடதுருவப் பயணம் போன மேத்யூ ஹென்சன். ரயில் படுக்கைப் பெட்டிப் பணியாளர்களுக்குச் சங்கம் கட்டிய ஃபிலிப் ராண்டால்ஃப். இசையில் டியூக் எலிங்டன், கவுன்ட் பேஸி, நாட் கிங் கோல். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954-இல் தீர்ப்பு வாங்கி, 1967-இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியான தர்குட் மார்ஷல். அவர் நடத்திய வழக்குகளுக்கு இந்தச் சங்கம் ஆண்டுக்கணக்கில் நிதி கொடுத்தது. பல பட்டியல்களில் மார்ட்டின் லூதர் கிங் பெயரையும் சேர்த்துவிடுகிறார்கள். அது சரியில்லை. அவருடைய அப்பாதான் உறுப்பினர்.

ஆனால் கிங்குக்கும் இந்தக் கூரை நிழல் கொடுத்தது. அட்லாண்டா நகரம், ஆபர்ன் அவென்யூவில் உள்ள பிரின்ஸ் ஹால் கட்டடத்தில்தான் அவருடைய இயக்கத்தின் அலுவலகம். மேலே டபிள்யூ.ஈ.ஆர்.டி. (WERD) என்ற வானொலி நிலையம். 1949-இல் ஒரு கறுப்பினத்தவர் வாங்கி நடத்திய, நாட்டிலேயே முதல் நிலையம். கிங்குக்கு ஏதாவது அறிவிக்க வேண்டுமானால் துடைப்பக் கட்டையால் மேல்தளத்தைத் தட்டுவாராம். மேலே இருக்கும் அறிவிப்பாளர் ஜன்னல் வழியே மைக்கைக் கீழே இறக்குவாராம்.

குறையையும் சொல்ல வேண்டும். இது ஆண்களின் சங்கம். பெண்களுக்குத் துணை அமைப்புதான். கட்டணம் கட்ட வசதியில்லாத கூலித் தொழிலாளிக்கு இந்தக் கதவு எளிதில் திறக்கவில்லை. வெள்ளை ஃப்ரீமேசன்களோ இவர்களைச் சகோதரர்கள் என்று ஏற்கவே இரண்டு நூற்றாண்டு எடுத்துக்கொண்டார்கள். முறையான அங்கீகாரம் கனெக்டிகட் மாநிலத்தில் 1989-இல்தான் வந்தது. இங்கிலாந்து 1994-இல் ஏற்றது.

இத்தனை பேரில் எனக்கு மிகவும் நெருக்கமானவர், நம்மில் பெரும்பாலோர் கேள்விப்படாத ஒருவர். ஜான் வெஸ்லி டாப்ஸ். ரயிலில் தபால் பிரிக்கும் குமாஸ்தாவாக முப்பது ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தவர். 1932 முதல் சாகும்வரை ஜார்ஜியா பிரின்ஸ் ஹால் ஃப்ரீமேசன்களின் கிராண்ட் மாஸ்டர். ஆபர்ன் அவென்யூ கட்டடம் எழுந்தது அவர் காலத்தில். ஊரில் எல்லாரும் அவரை 'தி கிராண்ட்' என்றே கூப்பிட்டார்கள். பணம், வாக்கு, புத்தகம் மூன்றும் வந்தால் விடுதலை வரும் என்பது அவருடைய பல்லவி. 1936-இல் அட்லாண்டாவில் 10,000 கறுப்பின வாக்காளர்களைப் பதிவு செய்வோம் என்று கிளம்பினார். லாட்ஜ் கூட்டம், தேவாலயம் எங்கே மேடை கிடைத்தாலும் இதே பேச்சு. வாக்குகள் கூடக்கூட மேயர் காது கொடுத்துக் கேட்கத் தொடங்கினார். 1948-இல் அட்லாண்டா காவல்துறையில் முதன்முதலாக எட்டுக் கறுப்பினக் காவலர்கள் சேர்ந்தார்கள். வெள்ளையரைக் கைது செய்ய அவர்களுக்கு அதிகாரம் இல்லை. உடை மாற்றக்கூட காவல் நிலையத்தில் இடம் தரவில்லை, வேறொரு கட்டடத்தின் நிலவறையில் மாற்றிக்கொண்டார்கள். ஆனாலும் அவர்கள் சீருடையில் முதல்முறை ரோந்து போனபோது தெருவே திரண்டு வந்து பார்த்தது.

டாப்ஸுக்கு ஆறு மகள்கள். ஆறு பேரையும் கல்லூரி வரை படிக்க வைத்தார். ஒரு மகள் மேட்டிவில்டா ஓபரா பாடகியானார். 1953-இல் மிலான் நகரின் புகழ்பெற்ற லா ஸ்காலா அரங்கில் பாடினார், அங்கே பாடிய முதல் கறுப்பினப் பாடகி. கறுப்பினத்தவரைத் தனியே பிரித்து உட்காரவைக்கும் அரங்கில் பாட மாட்டேன் என்று கடைசிவரை உறுதியாக நின்றார். அதனால் சொந்த ஊரின் பெரிய அரங்கில் பாட 1962 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் கச்சேரியைக் கேட்க அப்பா இல்லை.

டாப்ஸ் 1961 ஆகஸ்ட் 30 அன்று இறந்தார். அன்று காலையில்தான் ஒன்பது கறுப்பின மாணவர்கள் அட்லாண்டாவின் நான்கு வெள்ளையர் உயர்நிலைப் பள்ளிகளுக்குள் முதன்முதலாக நுழைந்தார்கள்.

பன்னிரண்டு ஆண்டு கழித்து, அவருடைய பேரன் மேனார்ட் ஜாக்சன் அந்த நகரத்தின் முதல் கறுப்பின மேயராகத் தேர்வானார். 1974 ஜனவரியில் நடந்த பதவியேற்பு விழாவில் சித்தி மேட்டிவில்டா பாடினார்.

நன்றி, வணக்கம்.