மண்டையோட்டைத் தேடாதீர்கள்

நண்பர்களே, திரையில் இருக்கும் இந்த ஓவியத்தைக் கொஞ்ச நேரம் பேசாமல் பாருங்கள். பெரிய வெள்ளைத் தலையணையில் சாய்ந்திருக்கும் செம்பட்டை முடிச் சிறுமி. பக்கத்தில் தலை கவிழ்ந்த ஒரு பெண். கண்ணால் காண்பதைவிட உள்ளே உணர்வதை வரையும் பாணிக்கு எக்ஸ்பிரஷனிசம் என்ற பெயர் புழக்கத்துக்கு வரும் முன்பே, 1885-86இல், நார்வேக்காரரான எட்வர்ட் மங்க் வரைந்த 'நோயுற்ற குழந்தை' இது.

சாவைப் பற்றிய படம் என்றதும் நாம் சாவின் அடையாளங்களுக்கான ஓர் அகராதியைக் கையில் எடுத்துக்கொள்கிறோம். மண்டையோடு எங்கே, அணைந்த மெழுகுவத்தி எங்கே? நானும் அப்படித் தேடியவன்தான். இதில் ஒன்றும் சிக்காது. இடப்பக்கம் ஒரு மருந்து பாட்டில், வலப்பக்கம் ஒரு கண்ணாடி டம்ளர், அவ்வளவுதான். ஓரத்தில் தொங்கும் இருண்ட திரைச்சீலைதான் மரணம் என்பார்கள் சிலர். சிறுமி அந்தப் பக்கம்தான் பார்க்கிறாள், சரி. ஆனால் படம் அங்கே இல்லை.

நடுவில் பாருங்கள், இருவர் கைகளும் சேரும் இடம். விரல்களே தெளிவாக இல்லை. கலங்கிய வண்ணத் திட்டு ஒன்றுதான். மங்குக்குக் கை வரையத் தெரியாதா என்ன? ஏறக்குறைய ஓராண்டு இந்தப் படத்தைப் பூசினார், சுரண்டினார், மறுபடி பூசினார். மேற்பரப்பெங்கும் கீறல்கள். 1886இல் கண்காட்சிக்கு வைத்தபோது, முடிக்காத படம் என்று கேலி செய்தார்கள். என்னைக் கேட்டால், நம்பிக்கையின்மை இருப்பது அந்தக் கீறல்களில்தான். பிடித்துவைக்க முடியாத ஒன்றைப் பிடிக்கப் பார்த்த கை அது.

மங்கின் அம்மா காசநோயில் போனபோது அவருக்கு ஐந்து வயது. 1877இல் அக்கா சோஃபியையும் அதே நோய் கொண்டுபோனது. அவளுக்கு வயது 15. அப்பா டாக்டர், இருந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அப்புறம், படத்தில் தலை கவிழ்ந்திருக்கும் அந்தப் பெண்ணின் முகம் நமக்குக் காட்டப்படவே இல்லை. தெரிவது சிறுமியின் முகம்தான், அதில் அழுகை இல்லை. ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தவர்களுக்குப் புரியும். சில நேரம் படுத்திருப்பவர்தான் உட்கார்ந்திருப்பவரைத் தேற்றுவார்.

இதே காட்சியை மங்க் நாற்பது ஆண்டுகளில் ஆறு முறை எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். கடைசிப் படத்தின்போது அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. சோஃபி கடைசியாக உட்கார்ந்திருந்த பிரம்பு நாற்காலியையும் தூக்கிப் போடவில்லை. ஆஸ்லோவில், அவர் பெயரிலேயே உள்ள அருங்காட்சியகத்தில் அது இன்னும் இருக்கிறது.