கும்பகோணம் மட்டும் ஏன் 404?

[திரை: ஒரு பிளாக்கின் முகப்பு. தஞ்சாவூர், திருவாரூர், கும்பகோணம், கொள்ளிடம் என நான்கு இணைப்புகள்]

வணக்கம். ஜூன் 12 நெருங்கினாலே டெல்டாவில் மேட்டூர் பேச்சுதான். எந்த வாய்க்காலில் என்றைக்குத் தண்ணீர் என்று பதிவிடும் ஒரு பிளாக்கை நீங்களே பிஹெச்பியில் எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பதிவின் யூஆர்எல்லிலும், அதாவது இணைய முகவரியிலும், ஊர்ப் பெயர் தமிழிலேயே இருக்கிறது. தஞ்சாவூர், திருவாரூர் பதிவுகள் எல்லோருக்கும் திறக்கின்றன. கும்பகோணமும் கொள்ளிடமும் மட்டும் சிலருக்கு 404, அதாவது 'பக்கம் இல்லை'. கடைமடைக்காரருக்கு அந்தப் பக்கம்தான் முக்கியம், அதனால் இதைப் பொறுமையாகப் பார்ப்போம்.

[திரை: 'கோ' பெரிதாக. பக்கத்தில் அதே 'கோ' மீண்டும்]

இரண்டும் கண்ணுக்கு ஒன்றுதான். கணினியில் எழுத்துகளுக்குக் குறியீடு தரும் யூனிகோடில் 'கோ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஓகாரக் குறி ஒரே குறியீடாக வரலாம். அல்லது இரட்டைக்கொம்பு தனி, துணைக்கால் தனி என்று இரண்டாக வரலாம். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய உரையில் இந்த இரண்டாவது வகை தென்படும். 'கொ', 'கௌ' வரிசைக்கும் இதே கதைதான். தஞ்சாவூரிலும் திருவாரூரிலும் அந்த வரிசை எழுத்தே இல்லை, அதனால் தப்பித்தன.

டேட்டாபேஸில் ஒரு வகை, வந்த யூஆர்எல்லில் இன்னொரு வகை. பைட் பைட்டாக ஒப்பிட்டால் எப்படிப் பொருந்தும்?

[திரை: ரவுட்டர் கோடு, அதாவது வந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்று தீர்மானிக்கும் பகுதி]

சரி, திருத்தம். யூஆர்எல்லில் தமிழ் எழுத்துகள் சதவீதக் குறியோடு என்கோட் ஆகி வரும். வந்த பாதையை முதலில் டீகோட் செய்து தமிழாக்குங்கள். அப்புறம் பிஹெச்பியின் நார்மலைசர் வழியாக என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது 'கோ'வின் ஓகாரக் குறி ஒரே குறியீடாக வரும் வடிவத்துக்கு, மாற்றுங்கள். அதற்குப் பிறகுதான் தேடல். பதிவைச் சேமிக்கும்போதும் இதே மாற்றம் கட்டாயம். ஒரு பக்கம் மட்டும் செய்தால் பழைய பதிவுகள் அப்படியே சிக்கிக்கிடக்கும்.

வடிவம் மாறி வந்த யூஆர்எல்லைச் சரியான முகவரிக்கு 301, அதாவது நிரந்தர ரீடைரக்ட், கொடுத்து அனுப்புங்கள். ஆனால் டீகோட் செய்த பாதைகளை மட்டும் ஒப்பிடுங்கள். சதவீதக் குறிக்குப் பின்வரும் ஆங்கில எழுத்து சிறியதாகவும் வரலாம், பெரியதாகவும் வரலாம். அந்த மூல வடிவத்தை ஒப்பிட்டால் ரீடைரக்ட் சுற்றிக்கொண்டே இருக்கும்.

ரவுட் விதியில் 'எழுத்தும் எண்ணும் மட்டும்' என்று எழுதியிருந்தால் மாற்றிவிடுங்கள். புள்ளியும் கொம்பும் யூனிகோடில் எழுத்து வகையில் சேராது. 'சாய்கோடு தவிர எதுவும்' என்பதே தமிழுக்குப் பொருந்தும் விதி.

[திரை: டெம்ப்ளேட்]

டெம்ப்ளேட்டில் யூஆர்எல்லைக் கையால் ஒட்டவேண்டாம். முகவரி உருவாக்க ஒரே ஒரு ஃபங்ஷன், எல்லா டெம்ப்ளேட்டும் அதையே கூப்பிடட்டும். இரண்டு இடத்தில் என்கோட் செய்தால் சதவீதக் குறியே மறுபடி என்கோட் ஆகி இணைப்பு கெடும்.

[திரை: வேர்ட்பிரஸ் எடிட்டர்]

வேர்ட்பிரஸ் வைத்திருப்பவர்களுக்கு வேறொரு சிக்கல். அங்கே ஸ்லக்குக்கு, அதாவது முகவரியில் பதிவின் பெயராக வரும் பகுதிக்கு, 200 எழுத்துதான் இடம். ஒரு தமிழ்க் குறியீடு 3 பைட், என்கோட் ஆனால் 9 எழுத்து. 22 குறியீட்டோடு இடம் முடிந்துவிடும். 'குறுவைக்கு மேட்டூர் அணை திறப்பு' என்ற தலைப்பு 'அணை'யோடு வெட்டுப்படும். 'குறுவைக்கு மேட்டூர் அணை மூடல்' என்று பின்னால் எழுதினாலும் அதே ஸ்லக், கடைசியில் ஒரு 2 மட்டும் ஒட்டியிருக்கும். வெளியிடும் முன் ஸ்லக் பெட்டியைத் திறந்து, 'மேட்டூர்-திறப்பு' என்று நீங்களே சுருக்கி எழுதிவிடுங்கள்.