கையைக் கடிக்காது, கைகூடும்

நடுவர் ஐயா அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் வேலையைப் பாதி முடித்துவிட்ட என் அணித் தோழர்களே, மீதிப் பாதியைக் கடினமாக்கிவிட்ட எதிரணியினரே, பாட்டுக் கச்சேரி முடிந்த பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிற பெரியோர்களே, எல்லோருக்கும் பொங்கல் வணக்கம்.

அன்றாடப் பொருள்களில் இயற்கைக்கு மாறுவது நடுத்தரக் குடும்பத்துக்குக் கைகூடுமா, கையைக் கடிக்குமா? இதுதான் தலைப்பு. கைகூடும் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அண்ணன் ஒரு பில்லை எடுத்துக் காட்டினார். ஆர்கானிக் கடையில் அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு, மூங்கில் பிரஷ் எல்லாம் வாங்கினால், வழக்கமான மளிகை பில்லைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் போகிறது என்றார். கூட்டலில் தப்பில்லை. ஆனால் அண்ணே, ஒரே நாளில், ஒரே கடையில், வீட்டையே மாற்றச் சொன்னது யார்? கல்யாணச் சீர் வாங்குகிற மாதிரி பட்டியல் போட்டு வாங்கினால் எதுதான் கையைக் கடிக்காது? இயற்கைக்கு மாறுவது என்றால் புதிதாக வாங்குவது என்று அவர் நினைத்துக்கொண்டார். எங்கள் வீட்டில் அது சில பொருள்களை வாங்காமல் விட்டதில் தொடங்கியது.

பாத்திரம் தேய்க்கிற இடத்தில் தொடங்கியது என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும். வீட்டுக்குப் பின்னால் ஒரு பீர்க்கங்கொடி உண்டு. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காயைப் பறிக்க மறந்துவிட்டோம். இலை மறைவிலேயே முற்றி, தோல் பழுப்பாகி, ஆட்டிப் பார்த்தால் உள்ளே விதை கலகலவென்றது. மாமியார் அதை எடுத்துத் தோலை உரித்தார், விதையைத் தட்டிக் கொட்டினார், உள்ளே இருந்த கூட்டை அரிவாள்மணையில் மூன்று துண்டாக நறுக்கினார். காய்ந்திருந்தபோது முரடாக இருந்தது தண்ணீர் பட்டதும் மெத்தென்று ஆகிவிட்டது. குழம்புச் சட்டியின் அடியைக்கூட அது விடவில்லை. ஒரு துண்டு எனக்கு ஐந்தாறு வாரம் வந்தது. அதற்கு முன்னால் மாதம் இரண்டு ஸ்பாஞ்சு வாங்குவேன். தேயத் தேய அது எங்கே போகிறது என்று யோசித்ததே இல்லை. எங்கே போகும்? பொடிப்பொடி பிளாஸ்டிக்காகச் சாக்கடைக்குத்தான். தேய்ந்துபோன பீர்க்கங்கூட்டை ரோஜாச் செடியின் அடியில் போட்டேன். இதற்கு நான் செய்த செலவு, காயைப் பறிக்க மறந்ததுதான்.

உடனே எதிரணியில் பேசிய அக்கா கேட்ட கேள்வி நினைவுக்கு வருகிறது. “இந்த வேலையெல்லாம் கடைசியில் பெண்கள் தலையில்தானே விழும்?” என்றார். கைதட்டல் கிடைத்தது, நானும் தட்டினேன். நியாயமான கேள்வி. பாட்டி காலம் பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்தே என் பாட்டியின் விரல் நுனிகள் வெடித்திருந்தன. அதனால்தான் எதை எடுப்பது, எதை விடுவது என்று பார்க்க வேண்டும் என்கிறேன். துணி துவைக்கப் பூந்திக்கொட்டையை ஊறவைத்து, கொதிக்கவைத்து, வடிகட்டி ஒரு மாதம் முயன்று பார்த்தேன். பையனின் பள்ளிச் சட்டைக் காலர் அப்படியே இருந்தது. விட்டுவிட்டேன். இப்போது பட்டுப் புடவைக்கும் கொலுசுக்கும் மட்டும் பூந்திக்கொட்டை. பள்ளிச் சட்டைக்கு வழக்கமான சோப்புதான், அளவு மட்டும் பாதி. அப்புறம், பை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவது எங்கள் வீட்டில் பெண்கள் வேலை இல்லை. அது அவரும் பையனும் செய்வது. மறந்துவிட்டு வந்தால் காய்கறியைக் கையில் அள்ளிக்கொண்டு வர வேண்டியதுதான். ஒரு நாள் அரைக் கிலோ சின்ன வெங்காயத்தைச் சட்டைப் பைகளில் நிரப்பிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு ஒரு நாளும் மறக்கவில்லை.

பை என்றதும் 131 என்ற எண் ஞாபகம் வருகிறது. எதிரணித் தம்பி அதைச் சொல்லித்தான் மிரட்டினார். இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011-ல் வெளியிட்ட ஆய்வு அது. ஒரே முறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைக்குச் சமமாக வேண்டுமென்றால், பருத்திப் பையை 131 முறை பயன்படுத்த வேண்டும் என்பது கணக்கு. உண்மைதான், பருத்தி விளைய நீர் வேண்டும், நூற்க நெய்ய மின்சாரம் வேண்டும். ஆனால் தம்பி, அந்தக் கணக்கு புவி வெப்பமாவதற்கு மட்டும் போட்டது. பை சாக்கடையை அடைப்பதும், மாட்டின் வயிற்றில் உருண்டையாகக் கிடப்பதும் அதில் வராது. அதையும் விடுங்கள், 131-ஐயே எடுத்துக்கொள்வோம். என் கையில் இருக்கிற மஞ்சப்பை 2019-ல் என் நாத்தனார் கல்யாணத்தில் தாம்பூலத்தோடு வந்தது. வாரம் இரண்டு முறை காய்கறிக்கு. ஒன்றரை வருடத்துக்குள் 131 தாண்டிவிட்டது. கைப்பிடியை இரண்டு முறை தைத்திருக்கிறேன். பெயர்களில் மாப்பிள்ளை பெயர் அழிந்துவிட்டது, மணமகள் பெயர் மட்டும் நிற்கிறது. நாத்தனாருக்கு அதில் ரொம்பச் சந்தோஷம்.

தம்பி சொன்னதில் ஒரு பாதியை ஒப்புக்கொள்கிறேன். கல்யாணத்துக்குக் கல்யாணம் பை வாங்கி, பீரோவுக்கு அடியில் நாற்பது பை அடுக்கி வைத்துக்கொண்டு, கடைக்கு வெறுங்கையோடு போகிறவர்களுக்கு அந்த 131 பொருந்தும்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்ற இயக்கம் தொடங்கியது. கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய் நாணயம் போட்டால் பை தருகிற இயந்திரம்கூட வைத்தார்கள். “சட்டம் போட்டும் நம் ஆட்கள் மாறவில்லையே, எப்படிக் கைகூடும்?” என்று கேட்டீர்கள். நீலகிரிக்குப் போய்ப் பாருங்கள். காட்டில் வீசிய கண்ணாடித் துண்டு யானையின் காலைக் கிழிக்கிறது என்று வழக்கு நடந்து, 2022-ல் அங்கே டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்க ஆரம்பித்தார்கள். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்த 10 ரூபாய் திரும்பக் கிடைக்கும். பாட்டில் திரும்பி வந்தது ஐயா! குடித்தவருக்குப் பாட்டிலைத் திருப்பிக் கொடுக்க ஞாபகம் இருக்கிறது. நிதானத்தோடு இருக்கிற நமக்குப் பை எடுத்துப் போக மறந்துவிடுகிறது.

சரி, அரிசிக்கு வருகிறேன். எதிரணி பலமாக நிற்கிற இடம் அதுதான். மூன்று வேளையும் ரசாயனம் போடாத அரிசி என்றால் எங்கள் வருமானத்துக்குக் கட்டாது. ரேஷன் அரிசியும் பொங்குகிற வீடுதான் எங்களுடையது. மாதம் இரண்டு கிலோ மாப்பிள்ளைச் சம்பா வாங்குகிறோம், ஞாயிற்றுக்கிழமைக் கஞ்சிக்கு. அவ்வளவுதான் முடியும், அவ்வளவுதான் செய்கிறோம். திருத்துறைப்பூண்டிப் பக்கம் நெல் ஜெயராமன் நெல் திருவிழா நடத்தி 174 பாரம்பரிய ரகங்களை மீட்டார். 2018-ல் மறைந்துவிட்டார். அங்கே விதைக்குக் காசு வாங்குவதில்லை. 2 கிலோ விதை வாங்கிப் போகிற உழவர் அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். பணம் கைமாறாத அந்த ஏற்பாட்டில்தான் ரகங்கள் ஊர் ஊராகப் போயின. முழுதாக முடியவில்லை என்றால் ஒன்றுமே வேண்டாம் என்று அவர் இருந்திருந்தால், என் வீட்டு ஞாயிற்றுக்கிழமைக் கஞ்சி ஏது?

ஏமாற்று வேலை நடக்கிறது என்பதையும் மறுக்க மாட்டேன். நானே ஏமாந்திருக்கிறேன். ஒரு கடையில் ‘ஆர்கானிக்’ என்று பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய வெல்லம் வாங்கி வந்தேன், எலுமிச்சம்பழம் போல மஞ்சள். மாமியார் பார்த்துவிட்டு, “இவ்வளவு வெளுப்பா வெல்லம் இருந்தா ஹைட்ரோஸ் போட்டிருப்பான்” என்றார். வெல்லத்தை வெளுக்க வைக்கிற ரசாயனம் அது. திருப்பிப் பார்த்தால் சான்று எண் எதுவும் இல்லை. மூங்கில் பிரஷ் கதை இன்னும் மோசம். பிடிதான் மூங்கில், தேய்க்கிற இழை நைலான். ‘மரச்செக்கு’ என்று போர்டு வைத்தவர் ‘இயற்கை’ என்றும் சேர்த்து எழுதிவிடுகிறார். செக்கில் ஆட்டுவது வேறு, கடலையை மருந்தடிக்காமல் விளைவிப்பது வேறு.

ஆனால் ஏமாறாமல் இருக்க வழி இருக்கிறதே. உணவுப் பொருள் என்றால், ஆர்கானிக் உணவுக்கான ஜைவிக் பாரத் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அங்ககச் சான்று, அதாவது ஆர்கானிக் சான்று, இருக்கிறதா என்று கேளுங்கள், தமிழ்நாட்டில் அதைக் கொடுக்க அரசுத் துறையே உண்டு. சோப்பு, காகிதம் போன்றவற்றுக்கு மத்திய அரசு 1991-லேயே எகோமார்க் என்று ஒரு முத்திரை கொண்டுவந்தது. அதன் சின்னம் என்ன தெரியுமா? மண்பானை! முப்பது வருடத்துக்கு மேலாகிறது, இந்தக் கூட்டத்தில் அதைப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள்... பார்த்தீர்களா, ஒருவர்கூட இல்லை. 2024-ல் அதன் விதிகளைப் புதுப்பித்திருக்கிறார்கள். அதே வருடம், ஆதாரம் காட்டாமல் ‘பசுமை’, ‘இயற்கைக்கு உகந்தது’ என்று விளம்பரம் செய்யக் கூடாது என்று நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் கொடுத்தது.

என் வழி இதைவிடச் சுலபம். பொருளின் உட்பொருளை ஒரே சொல்லில் சொல்ல முடிகிறதா என்று பார்ப்பேன். சீயக்காய். தேங்காய் நார். துணி. கடலை மாவு. இதற்கெல்லாம் முத்திரை தேவையில்லை, விலையும் ஏறாது. பின்பக்கம் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டிய ‘மூலிகை’ ஷாம்புவுக்குத்தான் ஏமாற்று பயம், விலை பயம் இரண்டும்.

நடுவர் ஐயா, கையைக் கடிக்கிறது என்கிறார்களே, யார் கையை? ஓசூருக்குப் பக்கத்தில் தென்பெண்ணையில் கெலவரப்பள்ளி அணை இருக்கிறது. மழைக்காலத்தில் அணையைத் திறந்தால் தண்ணீருக்கு முன்னால் நுரை வருகிறது. பனிமலை மாதிரி வெள்ளையாக, நாற்றத்தோடு. பெங்களூரின் கழிவுநீரும் ஆலைக் கழிவும் சோப்புத் தண்ணீரும் சேர்ந்து வருகிற நுரை அது. தரைப்பாலத்தை மூடிப் போக்குவரத்தே நின்றிருக்கிறது. காற்றடித்தால் வயலில் போய் விழுகிறது. மேலே இருக்கிற நகரத்தில் ஒரு பக்கெட்டுக்கு இரண்டு கைப்பிடி சோப்புத்தூள் போட்டவருக்கு அது மலிவாகத்தான் கிடைத்தது. மீதி விலையை ஓசூர் விவசாயி கொடுக்கிறார். அவருடைய பில்லை எதிரணி அண்ணன் கூட்டவே இல்லை. நான் சோப்புத்தூளைப் பாதியாகக் குறைத்ததில் எனக்கும் மிச்சம், கீழே இருக்கிறவருக்கும் மிச்சம். இதில் ஆர்கானிக் கடை எங்கே வந்தது?

ஹோட்டலுக்குத் தூக்குச்சட்டி கொண்டுபோவதையும் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் பையன் என்னோடு நிற்க வெட்கப்பட்டு நாலடி தள்ளி நின்றான். கவரில் சாம்பார் வாங்கினால் அளந்துதான் ஊற்றுவார்கள். சட்டியை நீட்டினால் அளவு தெரியாமல் ஒரு கரண்டி கூடவே விழுகிறது. இப்போது சட்டியைத் தூக்கிக்கொண்டு முதலில் ஓடுவது அவன்தான்.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, உட்காரப் போகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். மேசையில் எங்களுக்காக வைத்திருக்கிற பொன்னாடைகள் ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் உறையில் பளபளவென்று இருக்கின்றன. எனக்குரியதை உறை இல்லாமல் கொடுங்கள், என்னிடம் பை இருக்கிறது. நன்றி, வணக்கம்.